தஞ்சாவூரில் ஒரு பயாப்ஸி லேப்: ஐந்துக்கு நாலரை

ஓட்டல், பைக் சர்வீஸ், மிக்ஸி ரிப்பேர் என்று எதற்கெல்லாமோ ரிவ்யூ எழுதியிருக்கிறேன். பயாப்ஸி ஸ்லைடு பார்க்கிற லேபுக்கு எழுதுவேன் என்று நினைத்ததில்லை. போன வருஷம் ஆடி மாசம், ராத்திரி ரெண்டு மணிக்குப் போனை வைத்துக்கொண்டு தேடியபோது ஆண்களின் விதையில் (விரையில்) வரும் புற்றைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை, கிடைத்ததெல்லாம் விதை வீக்கத்துக்கு என்ன எண்ணெய் தடவலாம் என்கிற ரகம்தான். அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும்.

லேபின் பெயரைப் போடவில்லை. அந்த டாக்டரம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். "ஸ்லைடு பாக்குறது நான் ஒருத்திதான் தம்பி, கூட்டம் சேந்தா ஒரு ஸ்லைடுக்குக் குடுக்குற நேரம் கொறைஞ்சிடும்" என்றார். மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மருந்துக் கடைக்கு மேல் மாடி. இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன். தஞ்சாவூர், திருச்சி பக்கம் புற்றுநோய் டாக்டர்களிடம் 'ஸ்லைடு ரிவ்யூவுக்கு எங்கே போகலாம்' என்று கேட்டால் அவர்களே அனுப்புவார்கள், எங்களையும் அப்படித்தான் அனுப்பினார்கள்.

விஷயம் என் தம்பிக்கு. 26 வயது, திருப்பூரில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அண்ணே, ஒண்ணு சொல்லணும், அம்மாகிட்ட சொல்லிடாத" என்றான். கடன் வாங்கிவிட்டான், இல்லை காதல் கீதல் என்று நினைத்தேன். வலது விதையில் கல்லு மாதிரி ஒரு கட்டியாம், வலி இல்லையாம், நாலு மாசமாக இருக்கிறதாம். வலி இல்லை என்பதால்தான் நாலு மாசம் சும்மா இருந்திருக்கிறான். இதைப் படிக்கிற வயசுப் பையன்கள் யாராவது இருந்தால், வலி இல்லாவிட்டாலும் கட்டி என்றால் சீக்கிரம் போக வேண்டும், அதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. ஸ்கேன், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று மூன்று ரத்தப் பரிசோதனை, அப்புறம் தொடை இடுக்கு வழியாகத் திறந்து விதையை முழுசாக எடுத்தார்கள். விதைப்பையில் ஊசி குத்தியோ அங்கேயே கீறியோ பார்க்கக் கூடாது, நிணநீர் போகும் பாதை மாறிக் கட்டி வேறு இடத்துக்குப் பரவ வழியாகிவிடும் என்பதால் இடுக்கு வழிதான் சரியான வழி. அதை ஒழுங்காகச் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். குறை அப்புறம் வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில். ஆறு நாள் காத்திருந்து வாங்கிய தாளில் மொத்தமே மூணு வரி. செமினோமா, அதாவது விதைப் புற்றில் ஒரு வகை. கட்டி 3.8 சென்டிமீட்டர். விந்துநாண் வெட்டிய நுனியில் கட்டி இல்லை. அவ்வளவுதான்.

அதை எடுத்துக்கொண்டு திருச்சிக்குப் போனால், புற்றுநோய் டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். "கட்டி என்னன்னு சொல்லிருக்காங்க, கட்டி எங்க உக்காந்திருந்துச்சுன்னு சொல்லலையே. பக்கத்துத் திசு எப்படி இருக்கு? ரீட்டி டெஸ்டிஸுக்குள்ள போயிருக்கா? ரத்தக் குழாய்க்குள்ள போயிருக்கா? இது இல்லாம நான் என்ன முடிவெடுக்குறது?" என்று கேட்டுவிட்டு இந்த லேபுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். (ரீட்டி டெஸ்டிஸ் என்றால் விதையின் குழாய்களெல்லாம் வந்து சேர்கிற இடம்.)

எனக்குப் பாபநாசத்தில் உரக்கடை. அப்பா காலத்திலிருந்து. விவசாயிகள் புகையான் பூச்சி விழுந்த ஒரு நெல் தூரை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்து கல்லாவில் வைத்துவிட்டு மருந்து குடு என்பார்கள். தூரைப் பார்த்தே மருந்து கொடுத்துவிடலாம்தான். ஆனால் நெருக்கி நட்டாரா, யூரியாவை அள்ளிக் கொட்டினாரா, வயலில் தண்ணி வடியாமல் நிற்கிறதா என்று கேட்காமல் கொடுத்தால் பதினைந்து நாளில் அவரே மறுபடி வந்து நிற்பார். அதனால் டாக்டர் கேட்டது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது, தம்பிக்குத்தான் புரியவில்லை.

சரி, லேபுக்கு வருவோம். முதலில் பிடித்தது வரவேற்பில் இருந்த பெண். மற்ற இடங்களில் எந்த உறுப்பு என்று சொன்னதும் ஒரு சின்ன மௌனம் விழும், எழுதுகிறவர் பேனாவைப் பார்ப்பார், பக்கத்து நாற்காலி அம்மா சேலையைச் சரி செய்துகொள்வார். இந்தப் பெண் "டெஸ்டிஸ் பிளாக்கா சார், எத்தனை இருக்கு?" என்றாள், மளிகைக் கடையில் துவரம்பருப்பு எத்தனை கிலோ என்று கேட்கிற மாதிரி. தம்பி முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

முதல் ஆஸ்பத்திரியிலிருந்து நாலு மெழுகு பிளாக்கும் அதன் ஸ்லைடுகளும் வாங்கி வந்திருந்தோம். இதைக் கேட்டு வாங்கலாம் என்று தெரியாமல் பலர் ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். டாக்டரம்மா பத்து நிமிஷத்தில் வெளியே வந்தார். "நாலுல மூணு வெறும் கட்டி. ஒண்ணுல மட்டும் ஓரம் கொஞ்சம் மாட்டிருக்கு. மீதிப் பீஸ் எங்க இருக்கு?" என்றார். எடுத்த உறுப்பு முழுவதையும் ஸ்லைடு ஆக்க மாட்டார்கள், சில துண்டுகளை மட்டும் வெட்டி மெழுகில் பதித்துவிட்டு மீதியை ஃபார்மலின் டப்பாவில் கொஞ்ச நாள் வைத்திருந்து பிறகு அழித்துவிடுவார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்த டப்பாவை வாங்கிய கதை தனி. ஆஸ்பத்திரியில் ஒருவர் இன்னொருவரைக் கையைக் காட்ட, அவர் லெட்டர் கேட்க, லெட்டர் எழுதினால் பேஷன்ட் கையெழுத்து வேண்டும் என்க, தம்பியை ஆட்டோவில் கூட்டிவந்து கையெழுத்துப் போட வைத்தால் சாவி வைத்திருக்கிறவர் சாப்பிடப் போய்விட்டார். கடைசியில் டப்பாவை எடுத்துக் கொடுத்தவர், நாளை மறுநாள் எரிக்கக் கொடுக்கிற லிஸ்டில் இது இருந்தது என்றார், சாதாரணமாக. ஃபார்மலின் நெடிக்குப் பஸ்ஸில் ஏற முடியாது என்று கார் எடுத்தேன். ஐயம்பேட்டை தாண்டும்வரை மடியில் அந்த டப்பா. தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "என்னோடதுதானே, நான் வச்சுக்கிறேன் குடு" என்றான். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, ரெண்டு பேரும் சிரித்தோம்.

புதிதாக ஆறு பிளாக் போட்டார்கள். சொன்ன நாளைவிட மூணு நாள் தாமதம். ஐ.எச்.சி. என்கிற நிறச் சாயப் பரிசோதனையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஓட்டுவதில்லையாம், சேர்த்துத்தான் ஓட்டுவார்களாம். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். நான் குறைத்த அரை மார்க்கில் பாதி இதற்கு.

ரிப்போர்ட் வாங்கப் போன அன்று டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டு, ரெண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் உட்கார வைத்தார். இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் கிடையாது, எல்லாருக்கும் செய்கிறாரா என்றும் தெரியாது, நான் நிறையக் கேள்வி கேட்டதால் இருக்கலாம். முதலில் கட்டி. வெந்த ஜவ்வரிசி மாதிரி வெளிறிய பெரிய பெரிய செல்கள் கூட்டம் கூட்டமாக, நடுநடுவே கடுகு தூவின மாதிரி கரும்புள்ளிகள். அந்தக் கடுகெல்லாம் நம் உடம்பின் எதிர்ப்புச் செல்கள், செமினோமாவில் இவை மொய்ப்பது வழக்கம் என்றார். அப்புறம் கண்ணாடியை நகர்த்தி, நகர்த்தி, கட்டியை விட்டுத் தள்ளிப் போனார்.

அங்கே வட்ட வட்டமாக, குறுக்கே வெட்டின வாழைத்தண்டு வில்லைகளை நெருக்கி அடுக்கின மாதிரி இருந்தது. விந்தணு உண்டாகும் குழாய்களாம். சரியான விதையில் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் அடுக்கடுக்காகச் செல்கள் நிறைந்து, நடுவில் விந்தணு வால்கள் தெரிய வேண்டும். தம்பியுடையதில் பாதி வட்டங்கள் காலி. சுவர் தடித்துக் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது, உள்ளே தாங்கும் செல்கள் மட்டும் நின்றன, தாங்கப்பட வேண்டியவை இல்லை. ரெண்டு இடத்தில் சுண்ணாம்புத் துணுக்கு. இன்னும் சில வட்டங்களில் சுவரை ஒட்டி வரிசையாகப் பெரிய செல்கள், சாயம் போட்ட ஸ்லைடில் அவற்றின் உட்கருக்கள் மட்டும் காப்பிப் பொடி நிறத்தில். "ஓ.சி.டி. நாலுன்னு ஒரு புரதம். பொறந்த குழந்தைக்கே கொஞ்ச மாசத்துல மறைஞ்சு போயிருக்கணும். 26 வயசுல இங்க இருக்கக் கூடாது" என்றார்.

என் பக்கம் திரும்பாமலேயே அடுத்த கேள்வி வந்தது. "தம்பிக்குச் சின்ன வயசுல வெத பைக்குள்ள எறங்காம இருந்துச்சா?"

இல்லை என்றேன். சின்ன வயதில் குடலிறக்க ஆபரேஷன் ஒன்று நடந்தது, அதைத் தவிர ஒன்றுமில்லை என்றேன். "எந்தப் பக்கம்?" என்றார். வலது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, "அம்மாவக் கேட்டுப் பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "ஊர்ல எல்லாரும் கேப்பாங்கன்னு அப்பாதான் குடல்னு சொல்லச் சொன்னாரு" என்றார். பதினோரு வயதில் விதையைப் பைக்குள் இறக்கி வைத்துத் தைத்திருக்கிறார்கள். தம்பிக்கே தெரியாது. முதல் ஆஸ்பத்திரியில் பழைய ஆபரேஷன் உண்டா என்று கேட்டபோது நாங்கள் ஹெர்னியா என்று எழுதிக் கொடுத்திருந்தோம். வீட்டில் பதினைந்து வருஷம் மூடி வைத்திருந்ததை, யாரும் பார்க்காமல் எரிக்க இருந்த ஒரு துண்டுத் திசு சொல்லிவிட்டது. இந்த ஒன்றுக்காகவே நான் ஐந்துக்கு ஆறு கொடுத்திருப்பேன்.

மறுபடி உள்ளே போய், அதெப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் உடனே பிரேக் போட்டார். கட்டி அமுக்கினாலும் பக்கத்துக் குழாய்கள் சுருங்கும், அதனால் கட்டியை ஒட்டி இருப்பதை வைத்து எதுவும் சொல்லக் கூடாது, தள்ளி இருக்கிற திசுவும் அப்படியே இருந்தால்தான் இது பழைய கோளாறு என்று சந்தேகப்படலாம், அதற்காகத்தான் மீதிப் பீஸைக் கேட்டேன் என்றார். அப்புறம் டீ வந்தது, அரைமணி நேரம் பேசினார். அதோடு நானே பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்து என் பாஷையில் சொல்கிறேன்.

விந்தணுவுக்கு மூலமான செல்கள் விதைக்குள் பிறப்பதே இல்லை. கருவுக்கு மூணு நாலு வாரம் ஆகும்போது வெளியே ஓர் ஓரத்தில் தோன்றி, அங்கிருந்து நடந்து வந்து, பின்னால் விதையாகப் போகிற இடத்தில் சேர்கின்றன. நாற்றை வேறு இடத்தில் விட்டுப் பறித்துக் கொண்டுவந்து நடுகிற மாதிரி என்று நான் சொன்னேன், அவருக்குப் பிடித்துவிட்டது. வழியில் இருக்கிற திசுக்கள் கிட் லைகண்ட் என்ற புரதத்தைக் கொடுத்து அவற்றை உயிரோடு வைத்து வழிநடத்துகின்றன. வந்து சேர்ந்ததும் செர்டோலி செல்கள் சுற்றி வளைத்துக்கொள்ளும். 1865-இல் என்ரிகோ செர்டோலி என்ற இத்தாலியர் விவரித்தவை அவை, தாதிச் செல் என்றும் சொல்வார்கள். குழாய்க்கு வெளியே லெய்டிக் செல்கள் ஆண் ஹார்மோனைச் சுரக்கும். இந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் சேர்ந்து பக்குவப்படுத்தினால்தான் வந்து சேர்ந்த செல், எதுவாக வேண்டுமானாலும் மாறக்கூடிய தன் பச்சைக் குணத்தை விட்டுவிட்டு விந்தணு வேலைக்குத் தயாராகும். சுற்றுவட்டாரம் சரியாக அமையாவிட்டால் சில செல்கள் அந்தப் பச்சை நிலையிலேயே தங்கிவிடும். பள்ளிக்கூடம் போகிற காலமெல்லாம் தூங்கிக்கொண்டே இருக்கும், வயசுக்கு வந்து ஹார்மோன் பாய்ந்ததும் எழுந்துகொள்ளும். மற்றப் புற்றில் பெரும்பாலானவை வயதானவர்களைத் தேடிப் போக, இது இருபது முப்பதில் இருக்கிறவர்களைத் தேடி வருவது அதனால்தான். (குழந்தைகளுக்கு வருகிற வகை ஒன்று உண்டு, அது வேறு கதை.)

குழாய்ச் சுவருக்குள் அடங்கி நிற்கிற அந்தப் பெரிய செல்களை முதலில் அடையாளம் கண்டவர் டென்மார்க்கின் நீல்ஸ் ஸ்காக்கெபேக், 1972-இல், அதுவும் குழந்தை இல்லை என்று வந்த ஆண்களின் விதைத் துணுக்கில். இப்போது ஜி.சி.என்.ஐ.எஸ். என்று எழுதுகிறார்கள், 2016-இல் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் வந்த பெயர். அப்படியே விட்டால் ஐந்து வருஷத்தில் பாதிப் பேருக்காவது சுவரை உடைத்துக்கொண்டு கட்டியாகும். அதே ஸ்காக்கெபேக் 2001-இல் இன்னொன்று சொன்னார்: இறங்காத விதை, சிறுநீர்த் துவாரம் இடம் மாறியிருப்பது, விந்தணுக் குறைவு, விதைப் புற்று, இந்த நாலும் கருவிலேயே விதை கோணலாக உருவானதன் நாலு கிளைகளாக இருக்கலாம் என்று. தம்பியின் ஸ்லைடில் மூணு கிளையை நானே பார்த்துவிட்டேன் என்று தோன்றியது.

நான் கேட்டேன், புற்று என்றால் அந்தச் செல்லின் மரபணு கெட்டுப்போனதுதானே, பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார்? அதற்கு அவர் சொன்ன எலிக் கதைதான் என்னை நாலு நாள் தூங்க விடவில்லை. 1975-இல் அமெரிக்காவில் பியாட்ரிஸ் மின்ட்ஸ், கார்ல் இல்மென்சி என்ற ரெண்டு பேர், எலியின் இதே குடும்பத்துக் கட்டியிலிருந்து புற்றுச் செல்களை எடுத்து, அப்போதுதான் உருவாகி வந்த எலிக் கருவுக்குள் வைத்தார்கள். கட்டி வரவில்லை. அந்தச் செல்கள் தோலாகவும் ரத்தமாகவும் மற்ற உறுப்புகளாகவும் ஒழுங்காக வளர்ந்து, ஆரோக்கியமான எலி பிறந்தது. வேறு இடத்தில் விட்டால் எலியையே கொல்லும் செல்கள் அவை.

இதற்கு எதிர்ப்பக்கம், 2015-இல் ஜெர்மனியின் பான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. செமினோமா செல்களை எலியின் விதைக் குழாய்க்குள் விட்டால் சாதுவாகத் தன் பழைய குணத்திலேயே இருந்தன, அதே செல்களை விலாப்பக்கத் தோலுக்கடியில் வைத்தால் எம்ப்ரியானல் கார்சினோமா என்கிற முரட்டு வகையாக மாறின. அந்த இடத்தில் பி.எம்.பி. என்கிற ஒரு சமிக்ஞை அடங்கிப்போவதுதான் காரணம் என்று கண்டார்கள். ஒரே நெல்லைக் களிமண்ணில் போட்டால் நெல்லாகவும் மணலில் போட்டால் கோரையாகவும் முளைத்தது என்று யாராவது கடையில் வந்து சொன்னால் விரட்டிவிடுவேன், ஆனால் இங்கே கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது.

மனிதர்களிலேயே ஓர் அத்தாட்சி உண்டு. ஒய் குரோமோசோம் இருந்தும் உறுப்பு முழுசாக விதையாக உருவாகாமல் நின்றுபோகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் பக்குவப்படாமல் தங்கின செல்களைச் சுற்றி செர்டோலி செல்கள் இருந்தால் நான் பார்த்த ஜி.சி.என்.ஐ.எஸ். உருவாகிறது, சினைப்பையில் இருப்பது போன்ற கிரானுலோசா செல்கள் சுற்றி இருந்தால் கொனடோபிளாஸ்டோமா என்ற வேறொன்று உருவாகிறது. மரபணு ஆராய்ச்சியும் இந்தப் பக்கமே கையைக் காட்டுகிறது. 2009-இல் ரெண்டு குழுக்கள் தனித்தனியாகத் தேடி, இந்தப் புற்றின் அபாயத்தோடு மிக அழுத்தமாக ஒட்டியிருப்பது மேலே சொன்ன கிட் லைகண்ட் மரபணுவை அடுத்த பகுதி என்று கண்டார்கள். விந்தணு வம்சத்துச் செல் வாங்கிக்கொள்கிற சமிக்ஞை அது, கொடுப்பது சுற்றி இருக்கிற தாதிச் செல்.

ரொம்ப நாளாக மனசில் கிடந்த ஒன்றையும் கேட்டேன். அப்பா காலத்தில் கடையும் வீடும் ஒன்றுதான், பூச்சிமருந்து மூட்டை திண்ணையிலேயே கிடக்கும், அம்மா தம்பியைச் சுமந்தது அந்த வீட்டில்தான். அதனாலா? கருவில் ஹார்மோன் வேலையைக் குலைக்கும் ரசாயனங்களைப் பற்றிச் சந்தேகம் பல வருஷமாக இருக்கிறது, ஆனால் ஓர் ஆளைக் காட்டி இவருக்கு இதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். அதோடு, உலகத்திலேயே இந்தப் புற்று மிகக் குறைவான நாடுகளில் நம் நாடும் ஒன்று, இங்கே வருஷத்துக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவு, டென்மார்க், நார்வே பக்கம் பத்தை ஒட்டி, அங்கே உங்க கடை இல்லையே தம்பி என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா என்னவோ, எனக்கு அது தேவைப்பட்டது.

அம்மாவின் குற்ற உணர்ச்சிக்கு ஸ்வீடன் கணக்கு உதவியது. அங்கே இறங்காத விதைக்கு ஆபரேஷன் செய்துகொண்ட 16,983 பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். 13 வயதுக்கு முன் செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட அபாயம் ரெண்டு மடங்கு சொச்சம், அதற்குப் பின் செய்தவர்களுக்கு ஐந்து மடங்கு சொச்சம். அத்தனை பேரில் புற்று வந்தது 56 பேருக்கு. நீங்கள் பதினொன்றில் செய்ததே நல்லதுதான், இறங்காதவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே வருவதில்லை என்று அம்மாவிடம் இந்த எண்ணைச் சொன்னேன். நம்பினாரா தெரியாது, அன்று ராத்திரி சாப்பிட்டார். இப்போதெல்லாம் டாக்டர்கள் ஒன்றரை வயதுக்குள்ளேயே செய்யச் சொல்கிறார்கள். பையன் பிறந்த வீட்டில் ரெண்டு விதையும் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

சரி, இந்த ரிப்போர்ட்டால் என்ன மாறியது? நோயின் பெயர் மாறவில்லை, செமினோமா செமினோமாதான். ஆனால் இந்தத் தடவை ரெண்டு பக்கம். எல்லாக் குழாயும் வந்து சேர்கிற வடிகால் மாதிரியான ரீட்டி டெஸ்டிஸுக்குள் கட்டி நுழையவில்லை, ரத்தக் குழாய், நிணக்குழாய்க்குள் இல்லை, பக்கத்துக் குழாய்களில் ஜி.சி.என்.ஐ.எஸ். இருக்கிறது, தள்ளி உள்ள திசுவில் விந்தணு உற்பத்தி குறைவு, எல்லாம் தனித்தனி வரியில். அதைப் பார்த்துத் திருச்சி டாக்டர், நாலு சென்டிமீட்டருக்குக் கீழ், ரீட்டியும் சுத்தம், வயிற்று ஸ்கேனும் சுத்தம், அதனால் கீமோ இப்போது வேண்டாம், கண்காணிப்பில் வைக்கலாம் என்றார். பழைய தாளோடு போயிருந்தால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டோஸ் கார்போபிளாட்டின் என்கிற கீமோ மருந்து ஏறியிருக்கலாம். உற்பத்தி குறைவு என்ற வரியைப் பார்த்து விந்துப் பரிசோதனைக்கு அனுப்பினார், எண்ணிக்கை நிஜமாகவே குறைவு, இருப்பதைத் திருச்சியிலேயே சேமித்து வைத்தோம். பெண் பார்க்கலாம் என்று அம்மா ஜாதகத்தைத் தூசி தட்டிக்கொண்டிருந்த நேரம், அதை யோசித்தால் இந்த ஒரு வரிக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும். மறுபக்க விதையையும் ஸ்கேன் பார்த்தார்கள், அளவு சரியாக இருக்கிறது, மாசம் ஒரு தடவை குளிக்கும்போது தானே தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பீட்டா எச்.சி.ஜி. லேசாக ஏறியிருந்தது ஆபரேஷனுக்குப் பின் இறங்கிவிட்டது. பதினான்கு மாசம் ஆகிறது, இதுவரை எல்லா ஸ்கேனும் சுத்தம். பையன் திரும்பத் திருப்பூர் போய்விட்டான்.

செலவு: ஸ்லைடு ரிவ்யூ 1,500, புது பிளாக் ஆறும் சேர்த்து 1,800, சாயப் பரிசோதனை மூணு, ஒவ்வொன்றும் 1,600. மொத்தம் 8,100 ரூபாய். பில் கொடுத்தார்கள். கார்டு எடுக்காது, ஜிபே உண்டு, அதுவும் நான் போன ஒரு நாள் வேலை செய்யவில்லை.

குறைகளில் மிச்சப் பாதி. லிஃப்ட் இல்லை, படி செங்குத்து, ஆபரேஷன் ஆன ஆளைக் கூட்டிப்போகாதீர்கள், பிளாக்கும் சீட்டும் போதும், ஆள் வர வேண்டியதே இல்லை. இதை நான் தெரியாமல் முதல் நாள் தம்பியை ஏற்றி இறக்கிவிட்டேன். கழிப்பறை சுமார். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், நாங்கள் கேட்டபின் டாக்டரம்மா ஓரத்தில் பேனாவால் தமிழில் நாலு வரி எழுதிக் கொடுத்தார், அதைத்தான் அம்மா பூஜை அலமாரியில் வைத்திருக்கிறார். போனில் கூப்பிட்டால் மதியம் ரெண்டு மணிக்கு மேல்தான் எடுப்பார்கள், காலையில் ஸ்லைடு பார்க்கிற நேரம்.

போகிறவர்கள் ஆபரேஷன் குறிப்பு, மூணு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் நகல் எடுத்துப் போங்கள். சின்ன வயதில் என்ன ஆபரேஷன் நடந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள், எங்களை மாதிரி மாடிப்படியில் நின்று போனில் கேட்காமல். மீதித் திசு டப்பா எத்தனை நாள் இருக்கும் என்று ஆபரேஷன் அன்றே கேட்டுவிடுங்கள். ஞாயிறு விடுமுறை. வண்டி நிறுத்தச் சந்துக்குள் இடம் கிடையாது, மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்துக்குச் சந்து முனையில் ஒரு சின்ன மெஸ் இருக்கிறது, பதினோரு மணிக்கு மேல் போனால் ரவா தோசை கிடைக்காது.